நிழலுக்குப் பிறந்த செடி

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் மலையில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி, "உங்க பக்கம் எத்தனை சென்ட்?" என்பதுதான். கீழேயிருந்து வந்தவர்கள் நிலக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அது மழைக் கணக்கு. ஒரு அங்குல மழை என்றால் நூறு சென்ட். துரைமார் காலத்துத் தோட்டக் கணக்கு அப்படியே தங்கிவிட்டது. மில்லிமீட்டரெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. எண்பது சென்டுக்கு மேல் பெய்திருந்தால் சொல்கிறவர் குரலிலேயே தெரிந்துவிடும். முப்பது, நாற்பது என்றால், "மண்ணை நனைச்சுட்டுப் போயிருச்சு" என்று சலித்துக்கொள்வார்கள். வெறும் இடியோடு போய்விட்ட வருஷங்களில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பெரும்பாறைக்கும் நடுவே எங்கள் தாத்தாவுக்கு ஒரு சின்னக் காப்பித் தோட்டம் இருந்தது. நான் சொல்வது 1980களின் சங்கதி. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை நாங்கள் மதுரை மாவட்டத்துக்காரர்கள். வத்தலக்குண்டில் வியர்க்க விறுவிறுக்க ஏறி உட்கார்ந்தால், சித்தரேவு தாண்டி வளைவுகளில் பஸ் முக்கி முனகி ஏற ஏற, ஜன்னல் வழியே வரும் காற்று குளிர்ந்துகொண்டே வரும். புளியும் வேம்பும் பின்வாங்கி, சில்வர் ஓக் மரங்கள் வரிசையாகத் தென்பட ஆரம்பித்ததும் அப்பத்தா மடியிலிருந்த பையைத் திறந்து எனக்கு ஸ்வெட்டரை எடுத்துக் கொடுப்பாள். அந்த மரங்களுக்குக் கீழே, வெயில் சல்லடையில் சலித்ததுபோல விழுகிற இடத்தில், கரும்பச்சை இலைகளோடு நிற்கிற புதர்தான் காப்பி.

தாத்தாவிடம் ஒரு மழைமானி இருந்தது. பக்கத்துப் பெரிய எஸ்டேட்டில் புதுசு வந்தபோது, அங்கே ரைட்டராக இருந்தவர் பழையதைக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். ஒரு தகரப் புனல், அதற்கடியில் ஒரு சீசா, அளப்பதற்குக் கோடு போட்ட கண்ணாடிக் குவளை. காலை எட்டு மணிக்கு அதைப் போய்ப் பார்த்து வருவது என் வேலை. குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தண்ணீரின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். ஓரத்தில் ஏறி நிற்பதைச் சேர்க்கக் கூடாது. நான் சொல்கிற எண்ணைத் தாத்தா காலண்டரில் அந்தத் தேதிக்குரிய கட்டத்திலேயே பென்சிலால் எழுதி வைப்பார். வருஷம் முடிந்ததும் காலண்டரைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவார். கடவுள் படத்துக்காக அல்ல, அந்தப் பென்சில் எண்களுக்காகத்தான் எங்கள் வீட்டில் காலண்டர் கிழிபடாமல் இருந்தது.

அந்த மழைக்கு அவ்வளவு மரியாதை ஏன் என்பதைச் செடியைப் பார்த்தால்தான் புரியும். வடகிழக்குப் பருவமழைதான் எங்கள் பக்கத்துக்குப் பெருமழை. அது ஓய்ந்து, தையும் மாசியும் காய்கிற காலத்தில், கிளைகளில் இலைக் காம்பு ஒட்டுகிற இடுக்குகளில் சின்னச் சின்னப் பச்சை மொட்டுகள் கட்டிவிடும். அரிசி அளவுக்கு வந்ததும் வளர்ச்சி நின்றுபோகும். வாரக் கணக்கில் அப்படியே கிடக்கும். செடியும் தண்ணீர் இல்லாமல் இலை தொங்கி நிற்கும். பார்க்கிற குழந்தைக்கு, குடத்தோடு தண்ணீர் ஊற்றிவிடலாம் போலிருக்கும். ஆனால் அந்த வாட்டம் வேண்டும். நன்றாகக் காய்ந்து கிடந்த மொட்டுக்குத்தான் மழை பட்டதும் விழிப்பு வரும். ஒரு அங்குலம் ஒரே மூச்சில் பெய்துவிட்டால், மொட்டுகள் நாளுக்கு நாள் நீண்டு, பச்சை வெளிறி, வெள்ளையாகித் திரண்டு, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ விடியற்காலையில் ஒரே சமயத்தில் விரியும். இதற்குப் பூ மழை என்று பெயர். பூ மழை போதாமல் போனால் மொட்டு பாதியில் கருகும், கருகியது கருகியதுதான். அந்த ஒற்றை மழையில் ஒரு வருஷத்து வருமானம் தொங்கிக்கொண்டிருந்ததால்தான் பெரியவர்கள் ராத்திரி இடிச் சத்தம் கேட்டால் எழுந்து திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

பூத்த காலையில் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசம் உள்ளே வந்திருக்கும். நேற்றுவரை பச்சையாக இருந்த சரிவு முழுக்க வெள்ளை. ஒவ்வொரு கணுவிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கள், ஐந்து இதழ், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள்கள். கிளை தெரியாது, பூதான் தெரியும். வெயில் ஏறினால் வாசம் கனத்துப்போய்த் தலையை வலிக்கிற அளவுக்கு வரும். தேனீக்கள் இரைகிற சத்தம் தோட்டத்தில் எங்கே நின்றாலும் கேட்கும். கீழ்ப்பள்ளத்துக் குடியிருப்பிலிருந்து பளியர் ஒருவர் பூக்காலம் முடிந்ததும் தேன் கொண்டுவருவார். தாத்தா விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இது நம்ம பூவோட தேன்" என்று சொல்வார். அவர் சொன்னது சரியா என்று சோதிக்க வழியில்லை; நாங்கள் நம்பினோம்.

எனக்கு அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொள்ள ஆசை. அப்பத்தாவுக்கு நாலு பக்கமும் கண்.

"ஏய் பாப்பா, கையை எடு. ஒரு பூவைப் பறிச்சா ஒரு பழம் போச்சு."

"ஒண்ணே ஒண்ணு அப்பத்தா."

"ஒண்ணே ஒண்ணுன்னுதான் ஆளாளுக்குக் கேப்பீக. உனக்கு நாளைக்குக் கனகாம்பரம் கட்டித் தாரேன், போ."

அவள் சொன்னது கணக்குப்படி சரிதான். ஒரு பூவுக்கு ஒரு பழம். ஒரு பழத்துக்கு இரண்டு கொட்டை. பறித்தாலும் பிரயோஜனம் இல்லை, அரைமணி நேரத்தில் வதங்கிவிடும். செடியில் இருந்தாலே மூன்றாம் நாள் பழுப்பாகி உதிர ஆரம்பிக்கும். அந்த இரண்டு மூன்று நாளைக்கு யாரும் செடிகளுக்குள் நுழையக் கூடாது என்று தாத்தா கட்டளை போட்டிருந்தார். வேலையாட்களுக்கு வேறு வேலை. களத்தைச் செப்பனிடுவார்கள், வேலியைப் பார்ப்பார்கள். மேஸ்திரி மட்டும் ஓரமாக நின்று எந்தப் பாத்தியில் பூ அடர்த்தி, எதில் தொய்வு என்று பார்த்துவிட்டு வருவார். பூவைப் பார்த்தே அடுத்த மார்கழியில் எத்தனை மூட்டை என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு.

பூ உதிர்ந்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வேண்டும், பிஞ்சு நிற்பதற்கு. அதுவும் கிடைத்துவிட்டால், குண்டூசித் தலை அளவுப் பிஞ்சு எட்டு ஒன்பது மாதம் செடியிலேயே இருந்து, பச்சையாகப் பருத்து, மஞ்சளுக்கு மாறி, கடைசியில் ரத்தச் சிவப்பாகும். இவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிற பழத்தை வேறெந்தச் செடியிலும் நான் அப்போது பார்த்ததில்லை. எங்கள் பலா மரமே அதற்குள் காய்த்துப் பழுத்து முடித்துவிடும்.

நாற்றங்கால் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஊற்றுத் தண்ணீர் வருகிற இடத்தில் இருந்தது. விதைக்கென்று தாத்தா செடிகளைத் தனியாகக் குறித்து வைத்திருப்பார். காய் பிடிப்பில் தொடர்ந்து நன்றாக இருந்த செடி, இலையில் துரு நோய் விழாத செடி. அதில் முற்றிப் பழுத்ததை மட்டும் பறித்து, கையால் பிதுக்கி, சலித்த சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவார்கள். ஒற்றைக் கொட்டை, ஒட்டுக் கொட்டை, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கிக் கழிப்பது குழந்தைகள் வேலை. பாத்தியில் கொட்டையின் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வரிசையாக வைக்க வேண்டும். மேலே மெல்லிசாக மண் தூவி, வைக்கோல் பரப்பி, பூவாளியால் தண்ணீர். பிறகு ஒன்றரை மாதம் ஒன்றுமே நடக்காது. குழந்தைகளுக்கு இதைவிடத் தண்டனை கிடையாது. நான் வைக்கோலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன்.

ஒரு நாள் வளைந்த வெள்ளைத் தண்டுகள் மண்ணை நெம்பிக்கொண்டு வரும். நிமிரும்போது விதையையும் ஓட்டோடு தலையில் தூக்கிக்கொண்டு நிமிரும். அதற்குத் தொப்பி என்று பெயர். தொப்பி கழன்றதும் வட்டமான இரண்டு இலைகள் சுருக்கம் பிரிந்து விரியும். அந்தக் கட்டத்தில் பிடுங்கி, ஆணிவேர் வளையாமல் மண்ணும் மக்கிய சாணமும் மணலும் கலந்த பைகளில் நட வேண்டும். ஆணிவேர் மடங்கிய நாற்று எவ்வளவு அழகாக இருந்தாலும் தாத்தா தூக்கி எறிந்துவிடுவார். "இப்ப சிரிக்கும், நாலு வருஷம் கழிச்சு அழ வைக்கும்" என்பார். நாற்றங்காலுக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல். கீற்றுகளை ஒரேயடியாக எடுக்காமல், மழைக்காலம் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக உருவி வெயிலைப் பழக்குவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒன்றரை அடிக் குழிகளில், ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நடவு.

எங்கள் தோட்டத்தில் பெரும்பாலும் எஸ்.795. பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ரகம். அராபிகாவுக்கும் லைபீரிகாவுக்கும் தானாக நேர்ந்த கலப்பு ஒன்றின் வாரிசை, கென்ட்ஸ் என்ற நல்ல ருசியுள்ள அராபிகாவோடு சேர்த்தது. துருவை ஓரளவு தாங்கும், ருசியும் கெடாது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எப்போதாவது வந்து போகும் ஒரு அதிகாரி. களத்து மேட்டில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து, பித்தளை டம்ளரில் காப்பி கொடுத்தால், அவர் பேச ஆரம்பித்துவிடுவார். தாத்தாவுக்கு அதுவரை காப்பி என்றால் அரபு தேசம்தான். பாபா புதான் என்கிற ஃபக்கீர் மெக்காவுக்குப் போய்த் திரும்பும்போது ஏழு கொட்டையை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்ற கதையைத் தோட்டக்காரர்கள் எல்லோரையும்போல அவரும் சொல்வார். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற துரை 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததும் அவருக்குத் தெரியும். அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று அவர் யோசித்ததில்லை.

"அரேபியாவுக்கே அது விருந்தாளிதாங்க ஐயா" என்றார் அதிகாரி. "எத்தியோப்பியான்னு ஆப்பிரிக்காவுல ஒரு நாடு. அங்க தென்மேற்குல மலைக்காடு. நம்ம மலை உயரம், அதுக்கும் மேல. பெரிய பெரிய மரத்துக்குக் கீழ தானா முளைச்சுக் கிடக்கு, இன்னைக்கும். லின்னேயஸ்னு ஒருத்தர் 1753இல பேர் வைக்கையில அரேபியாச் செடின்னு நினைச்சு அராபிகான்னு வச்சுட்டாரு."

தாத்தா கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய மரத்துக்குக் கீழயா?"

"ஆமாங்க."

"அப்ப நம்மகிட்ட வந்து அதுக்கு நிழல் பழகலை. நிழல்லயே பிறந்ததுன்னு சொல்லுங்க."

தாத்தா இதைப் பிறகு பலரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்குக் காரணம் இருந்தது. மரத்தை வைப்பதா வெட்டுவதா என்பது எங்கள் மலையில் ஓயாத வழக்கு. வெயில் அதிகம் பட்டால் காப்பிச் செடியில் பூ அதிகம் வரும், காய் அதிகம் பிடிக்கும். இது எல்லோரும் கண்ணால் பார்த்தது. அதனால் விலை ஏறும் வருஷங்களில் சிலர் மரங்களைக் கழித்துத் தள்ளிவிடுவார்கள். சில்வர் ஓக்கை விற்றால் பணம், மேலே காப்பியும் கூடுதல். இரண்டு வருஷம் செடி கிளை ஒடிகிற மாதிரி காய்க்கும். பிறகு இலை உதிர்ந்து, கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். எவ்வளவு உரம் போட்டாலும் எழுந்திருக்காது. காட்டின் அடித்தட்டில் அரை வெளிச்சத்தில் அளவாகக் காய்க்கப் பழகிய செடிக்கு, காயை மறுக்கத் தெரியாது. வெளிச்சம் கிடைக்கிற அளவுக்குப் பூத்து, தன் வேரிலும் கிளையிலும் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் காய்க்குக் கொடுத்துவிட்டு விழும். மரம்தான் அதற்குக் கடிவாளம்.

எங்கள் தோட்டத்து நிழலில் இரண்டு அடுக்கு. கீழடுக்கில் முள்முருங்கை. கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும்; பயறு வகைக் குடும்பம் என்பதால் மண்ணுக்கு உரமும் சேர்க்கும். மேலடுக்கில் சில்வர் ஓக், பலா, அத்தி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சந்தன வேம்பு. சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். நடுநடுவே மலைவாழை. வெயில் காலம் முழுக்க நிழலைத் தொடக்கூடாது. மழைக்காலம் வரும்போது முள்முருங்கையைக் கழித்துவிட்டு, மேல்மரங்களின் தாழ்ந்த கிளைகளை வெட்டி வானத்தைத் திறப்பார்கள். மேகம் மூடிக்கிடக்கும் மாதங்களில் செடிக்கு வெளிச்சம் குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். தாத்தா கீழே நின்று தலையை அண்ணாந்து கையைக் காட்டுவார். மரத்தின் மேலே இருப்பவர் அரிவாளை ஓங்குவதற்கு முன் ஒருமுறை கீழே பார்ப்பார். "அதில்லப்பா, அதுக்கு அங்கிட்டு" என்பார் தாத்தா. தரையில் விழுகிற வெயில் புள்ளிகள் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு மனதில் இருந்தது. அதை அவர் யாருக்கும் எண்ணாகச் சொன்னதில்லை.

செடிக்கும் கத்தரி உண்டு. இளம் செடி இரண்டரை அடி வந்ததும் தலையைக் கிள்ளிவிடுவார்கள். பக்கக் கிளைகள் பருத்ததும் ஒரு சிம்பை மட்டும் மேலே விட்டு, ஐந்தடியில் மறுபடி கிள்ளுவார்கள். அதற்கு மேல் போனால் பறிக்கிற பெண்களின் கைக்கு எட்டாது. விட்டுவிட்டால் பதினைந்து அடிக்கு மேல் வளரும்; வேலியோரம் மறந்துபோன ஒரு செடி அப்படித்தான் மரமாகி நின்றது, அணிலுக்கும் மரநாய்க்கும். பழம் எடுத்து முடிந்த கையோடு கவாத்து. காய்ந்தது, குறுக்கே போனது, உள்நோக்கி வளர்ந்தது எல்லாம் போகும். ஒரு தடவை காய்த்த கணுவில் திரும்பக் காய்க்காது; போன வருஷம் வளர்ந்த குச்சியில்தான் இந்த வருஷம் பூ. அதனால் வருஷா வருஷம் புதுக்குச்சிக்கு இடம் விட வேண்டும். மேஸ்திரியின் மனைவியை நாங்கள் சின்னம்மா என்போம். அவர் ஒரு செடியைச் சுற்றி ஒரு முறை நடப்பார். இரண்டாம் சுற்றில் கத்தி பேசும்.

பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தாத்தா ஒரு செடியைக் கொடுத்திருந்தார். களத்துக்குப் போகும் வழியில் இடது பக்கம் இருந்தது என்னுடையது. நல்ல வெயில் படுகிற இடம். மேலே நின்ற பலா ஒரு காற்றில் சாய்ந்துவிட்டதால் அங்கே வானம் திறந்துகிடந்தது. அடுத்த பூக்காலத்தில் என் செடி மற்றவற்றைவிடப் பிரமாதமாகப் பூத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கடுத்த வருஷம் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. தாத்தா குனிந்து தண்டை விரலால் தடவிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். பட்டைக்கு அடியில் நரம்பு புடைத்ததுபோல ஒரு மேடு, தண்டைச் சுற்றி வளைந்து போயிற்று.

"தொளைப்பான். உள்ள இருக்கான்."

மண்வெட்டியால் செடியைத் தோண்டி எடுத்து, தண்டை அரிவாளால் நெடுக்காகப் பிளந்தார். உள்ளே வளைந்து நெளிந்து போன குடைவு முழுவதும் மாவுபோல இறுக்கி அடைத்த மரத்தூள். அதைக் குச்சியால் கிளறிக்கொண்டே போனால், கடைசியில் பழுப்பு வெள்ளையாக, தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் ஒடுங்கிய ஒரு புழு. வெளிச்சம் பட்டதும் மெதுவாக அசைந்தது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அதன் தாய் வண்டு வெயில் படுகிற தண்டாகப் பார்த்துத்தான் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். சித்திரை, வைகாசியில் ஒரு தடவையும், மழைக்காலத்தில் ஒரு தடவையும் வண்டு வெளியே பறக்கும். அதற்கு முன்னால் பிடித்த செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், வேறு வைத்தியம் இல்லை. என் செடி களத்து மூலையில் மற்ற செடிகளோடு எரிந்தது. நான் அழுதேனா என்று நினைவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகள் எல்லோர் கையிலும் தேங்காய் மட்டை கொடுக்கப்பட்டது. மட்டையால் தண்டைத் தேய்த்து, தொங்கும் பட்டையை உரித்து வழுவழுப்பாக்கினால் வண்டுக்கு முட்டை வைக்க இடுக்கு கிடைக்காது. பச்சைப் பட்டையைக் காயப்படுத்தக் கூடாது. வரிசையாக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே போவோம். சாய்ந்த பலாவின் இடத்தில் தாத்தா அந்த மழைக்கே முள்முருங்கைக் கம்புகளை ஊன்றிவிட்டார்.

துளைப்பான் இந்த ஊர்க்காரன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடியில் ருசி கண்டவன். இலைத் துரு அப்படியில்லை. அது செடியின் சொந்தக் கண்டத்திலிருந்தே பின்னால் தேடி வந்தது. 1869இல் இலங்கையில் துருவைக் கண்டார்கள். இருபது வருஷத்துக்குள் அங்கே காப்பித் தொழில் கவிழ்ந்து தேயிலை வந்தது. கண்டிச் சீமைக்குக் காப்பி பறிக்கக் கால்நடையாகப் போன தமிழர்களின் பிள்ளைகள் கொழுந்து பறிக்க வேண்டியதாயிற்று. அங்கே காட்டை அடியோடு அழித்து மலை மலையாக ஒரே செடியை நட்டிருந்தார்கள் என்பதையும் அந்த அதிகாரிதான் சொன்னார்.

துருவுக்கு மருந்து போர்டோ கலவை. அடிக்கிற நாள் எங்களுக்குத் திருவிழா. இருநூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. மயில்துத்தத்தை முந்தின ராத்திரியே துணியில் கட்டி மரப்பீப்பாய்த் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. காலையில் தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் நிற்கும். சுண்ணாம்பைத் தனியாக நீற்றி வடிகட்டி, அதில் நீலத் தண்ணீரை மெள்ள மெள்ள ஊற்றிக் கலக்க வேண்டும். கலந்து முடிந்ததும் தாத்தா தேய்த்துப் பளபளப்பாக்கிய பழைய கத்தியை அதில் முக்கி, சற்று நேரம் வைத்திருந்து வெளியே எடுப்பார். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை. அப்படியே அடித்தால் இலை பொசுங்கும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு, மறுபடி கத்தி. கத்தி வெள்ளையாகவே வந்தால் பம்பு கிளம்பும். இலைக்கு அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும், துரு அங்கேதான் ஆரஞ்சுப் பொடியாக உட்காரும். பூ மழைக்கு முன்னால் ஒன்று, பருவமழைக்கு முன்னால் ஒன்று. அந்த நாட்களில் எங்கள் சட்டை, வீட்டுப் படி, நாயின் முதுகு எல்லாம் நீலம்.

கார்த்திகையில் பழம் எடுப்பு. சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். காம்பைப் பிய்த்தால் கிளைக்குக் கேடு. அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை திரும்பி வருவார்கள். தோலைக் கடித்துத் துப்பிவிட்டுக் கொட்டையைச் சுற்றியிருக்கும் வழவழப்பை உறிஞ்சினால் இனிப்பு. மரநாய்க்கும் அது தெரியும். அது தின்றுவிட்டுப் பாறைமேல் போட்டிருக்கும் கொட்டைகளை அப்பத்தா விடமாட்டாள். தனியாகக் கழுவிக் காயவைப்பாள். பல்ப்பரில் தோல் நீக்கி, தொட்டியில் ஒரு நாளுக்கு மேல் புளிக்கவிட்டு, கையில் அள்ளிப் பிசைந்தால் கூழாங்கல் உரசும் சத்தம் வருகிறதா என்று பார்த்துக் கழுவி, களத்தில் காயவைத்தால் பார்ச்மென்ட். காய்ந்த மூட்டைகள் பட்டிவீரன்பட்டிக்கு இறங்கும். அந்தக் காலத்தில் காப்பியை நினைத்தவருக்கு விற்க முடியாது. வீட்டுக்குக் கொஞ்சம் போக, எல்லாம் காப்பி போர்டின் பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும். பணம் தவணை தவணையாக வரும், எப்போது எவ்வளவு என்று தெரியாது. "பூவும் காத்திருக்கணும், பணமும் காத்திருக்கணும்" என்று அப்பத்தா முணுமுணுப்பாள். 1990களில்தான் அந்த ஏற்பாடு போயிற்று.

நான் பத்தாம் வகுப்பை நெருங்கும்போது காவேரி என்ற புது ரகம் வந்தது. குட்டைச் செடி, நெருக்கமாக நடலாம், துரு தாங்கும், மூன்றாம் வருஷமே காய்க்கும். அப்பா அரை ஏக்கரில் போட்டுப் பார்ப்போம் என்றார். தாத்தா தடுக்கவில்லை, மரத்தை மட்டும் வெட்டக் கூடாது என்றார். அப்பா ஒப்புக்கொண்டார். முதல் காய்ப்பைப் பார்த்து ஊரே வந்து போயிற்று. இலையைவிடக் காய் அதிகம். தாத்தா அந்தச் செடிகளுக்கு நடுவே நடந்துவிட்டு வந்து, "இத்தனை பிள்ளையைப் பெத்தா தாய் தாங்க மாட்டா" என்றார். அது பாதிதான் பலித்தது. வெளிச்சத்தில் காவேரி போட்ட சில தோட்டங்களில் செடிகள் சீக்கிரமே இளைத்து, துளைப்பானுக்கும் இரையாயின. எங்களுடையது நிழலில் நின்றதால் ஏதோ நடுத்தரமாகக் காய்த்துக்கொண்டு இருந்தது. அப்பா சொன்ன கணக்கும் வரவில்லை, தாத்தா பயந்த சேதமும் வரவில்லை. தாத்தா போட்ட எஸ்.795 பாத்திகளில் பாதிக்கு மேல் இப்போதும் உயிரோடு இருக்கின்றன. அடிமரம் தொடை கனத்துக்கு ஆகிவிட்டது.

இப்போது தோட்டத்தை அப்பாவும் தம்பியும் பார்த்துக்கொள்கிறார்கள். கோடை மழை முன்போல் தேதி பார்த்து வருவதில்லை. சில வருஷங்களில் தையிலேயே ஒரு தூறல் விழுந்து, பாதிப் பூ அப்போதும் மீதி சித்திரையிலும் பூத்து, பழம் எடுப்பு நீண்டுபோகிறது. தம்பி குழாய் போட்டுத் தெளிப்பு நீர் கொடுத்துப் பூக்க வைக்கிறான். செடி அதையும் மழை என்றே எடுத்துக்கொள்கிறது. மலையில் நிலம் வாங்க ஆசைப்பட்டு நகரத்திலிருந்து வருகிறவர்கள் அப்பாவிடம் யோசனை கேட்பதுண்டு. எல்லோரும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்பா அவர்களைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய், முதலில் தலையை அண்ணாந்து மரத்தை எண்ணச் சொல்கிறார்.